நிறுத்துவதற்காக எரிந்த பாய்லர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் உள்ள ஓர் அட்டை ஆலை, பூமியின் நலன் கருதி, தன் நிலக்கரி பாய்லரை நிரந்தரமாக நிறுத்துவதென்று முடிவெடுத்தது. இருபத்திரண்டு வருடம் அதற்குக் கரி அள்ளிப் போட்ட மோசஸுக்கு இதில் துளியும் வருத்தமில்லை. புது மின்சார பாய்லருக்கு ஓர் அறை, அறையில் ஏசி, ஏசிக்குக் கீழே ஒரு நாற்காலி. பழையது நின்றுவிட்டதாகச் சான்று வந்ததும் அந்த நாற்காலி மோசஸுக்குத்தான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மோசஸ் அன்றே நெருப்பை அணைத்தார். வீட்டுக்குப் போய் மனைவி சாராளிடம் ஸ்வெட்டர் இருக்கிறதா என்று கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து, திருவள்ளூர் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து அதிகாரி சுப்பராயன் ஆய்வுக்கு எழுந்தருளினார். பாய்லரைத் தொட்டுப் பார்த்தவர் முகம் சுருங்கியது.

"என்னப்பா இது, சில்லுன்னு இருக்கு?"

"நிறுத்திட்டோம் சார். ரெண்டு வாரமாவுது."

"நின்னுட்டதை நான் எப்படி நிறுத்தறது? 'அதிகாரி முன்னிலையில் நிறுத்தப்பட்டது'ன்னு ஃபாரம்ல இருக்கு. பத்த வையி."

நியாயம்தானே என்று மோசஸுக்கும் பட்டது. மூன்று மணி நேரம் கரி அள்ளினார். அதிகாரி முன்னிலையில் பாய்லர் முறைப்படி எரிந்து, முறைப்படி நின்றது. அடுத்த வாரமே மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: முன்பே நிறுத்தியதாக ஆலை தெரிவித்த பாய்லர், ஆய்வின்போது எரிந்துகொண்டிருந்தது எங்ஙனம்? மறு ஆய்வு செய்க.

மறு ஆய்வுக்கு மறுபடி பற்றவைத்தார்கள். மறுபடி அதே கடிதம். மாதம் ஒரு முறை இது நடந்தது. ஆண்டு முடிவில் அலுவலகம் கூட்டிப் பார்த்தபோது, மாவட்டத்திலேயே அதிக முறை நிலக்கரியைக் கைவிட்ட ஆலை இதுதான் என்று தெரியவந்தது. கேடயம் கொடுத்தார்கள்.

பக்கத்து ஆலைக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. அவர்கள் கரியையே கண்டதில்லை, எதை நிறுத்துவார்கள்? பழைய இரும்புக் கடையில் ஒரு பாய்லரை வாங்கி, பற்றவைக்க மோசஸைக் கூப்பிட்டார்கள்.

சாராளுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாய்யா பேஜாரு இது? நீ நிறுத்த நிறுத்த கரி ஜாஸ்தியாத்தான் ஆவுது. கொடில போட்ட துணியெல்லாம் கறுப்பு. அந்த ஆபீசர்கிட்ட சொல்ல உனக்கு வாய் இல்ல?"

வெட்கமாகத்தான் இருந்தது. இன்று சொல்லியே தீருவது என்று மோசஸ் திருவள்ளூருக்கு ரயிலேறினார்.

சுப்பராயன் அவரைக் கண்டதும் எழுந்தே விட்டார். "வாங்க மோசஸ்! உங்களுக்குத்தான் ஆள் அனுப்ப இருந்தேன். நிலக்கரி நிறுத்த ஒருங்கிணைப்பாளர்னு ஒரு போஸ்ட் போட்டிருக்கோம். உங்களை விட்டா அனுபவஸ்தன் யாரு? உக்காருங்க."

அந்த அறையிலும் ஏசி ஓடியது. உட்கார்ந்துகொண்டே சொல்லலாமே என்று மோசஸ் உட்கார்ந்தார். அதிகாரி ஒரு ஃபைலை அவர் பக்கம் நகர்த்தினார். அதில் எழுதியிருந்தது: வரும் ஆண்டில் நிறுத்துவதற்குத் தேவையான கரி, நாற்பது டன்.

மோசஸ் தொண்டையைச் செருமினார். சொல்ல வந்ததைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"நாப்பது பத்தாது சார்," என்றார். "அக்கம்பக்கத்துல எல்லாருமே நிறுத்த ஆசப்படறாங்கோ."