ரசீது துரை

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட அது கௌரவம். விசா என்பது ரேஷன் கார்டு மாதிரி என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கார்டு காலாவதியானால் என்ன ஆகும்? அரசாங்கமே கூப்பிட்டு உள்தாள் ஒட்டிக் கொடுக்கும். அதுவரை சீனியும் பாமாயிலும் நம் பாட்டுக்கு வாங்கிக்கொண்டிருக்கலாம். இந்த ஞானத்தோடு ஒரு மனிதரின் பாஸ்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, உள்தாளுக்காகக் காத்திருந்தேன்.

அந்த மனிதர்தான் ரசீது துரை. இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரர்களிலேயே சட்டத்துக்குப் பயந்தவர் அவர் ஒருவர்தான் என்று எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். முன்னால் வந்தவர்கள் மிளகு வாங்க வந்து நாட்டையே ஆண்டார்கள். இவர் நூற்பு இயந்திரம் பூட்ட வந்து, நின்றுபோன பஸ்ஸைத் தள்ளக்கூட மறுத்தார்.

தொண்ணூறுகளின் நடுவில், அம்பாசமுத்திரம் சாலையில் ஒரு சிறிய நூல் ஆலையில் நான் குமாஸ்தா. செக் நாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக இயந்திரங்கள் வந்தன. கடைசியில் ஒரு பெட்டி அளவுக்கு இவரும் வந்தார். ஆறடி உயரம், தக்காளி நிறம். அவர் பெயரை உச்சரிக்க முயன்ற வாட்ச்மேனுக்குப் பல்செட் கழன்று விழுந்தது. அதனால் எல்லாருக்கும் வெறும் 'துரை'. ஃபிட்டர்களிடம் தமிழ் படித்ததால் மேனேஜரையே 'வே' போட்டுத்தான் கூப்பிடுவார்.

இயந்திரம் பூட்டி முடியவில்லை; விசா முடியப் போகிறது. நீட்டிக்க விண்ணப்பிக்கும் பொறுப்பை மேனேஜர் என்னிடம் ஒப்படைத்தார். ஒருநாள் மத்தியானம் துரை என் மேஜைக்கு வந்தார்.

"பேப்பர் குடுத்தாச்சா வே?"

"என்ன அவசரம் துரை? இன்னிக்குத்தான முடியுது. முடிஞ்ச பொறவு பாத்துக்கிடுவோம்."

தக்காளி சுண்ணாம்பாக வெளுப்பதை அன்றுதான் பார்த்தேன்.

நாடு நாடாகப் போய் இயந்திரம் பூட்டுவதுதான் அவர் பிழைப்பு. அனுமதி முடிந்தும் தங்கினார் என்று ஒரு நாட்டில் எழுதிவிட்டால் அடுத்த நாடு கதவைத் திறக்காது. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஆலை ஜீப்பில் பறக்கும்போது இதைப் பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னார். மீதி வழியெல்லாம் செக் மொழியில் பேசினார். அது என்னைப் பற்றித்தான் என்பது மட்டும் புரிந்தது.

பாளையங்கோட்டையில், வெளிநாட்டவர் பதிவைப் பார்க்கும் போலீஸ் அலுவலகத்தில் ஏட்டையா ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"இத்தன நாளா எங்கன போயிருந்தீரு? நாளைக்கு வந்திருந்தா, இவர ஊருக்கு அனுப்புத பேப்பர்தான் எழுதியிருக்கணும்."

"இல்ல ஐயா, ரேஷன் கார்டு மாதிரின்னு..."

"வாய மூடும்வே." ஏட்டையா விண்ணப்பத்தில் முத்திரை குத்தி, ஒரு ரசீதை துரையிடம் நீட்டினார். "மேல இருந்து பதில் வார வரைக்கும் நீங்க இங்கன இருக்கலாம். அந்த ஆலையில, அந்த வேல மட்டும். வேற எங்கயும் கை வைக்கக் கூடாது. சொல்லாம மாவட்டம் தாண்டக் கூடாது."

துரை அதைத் திருநீறு வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கினார். அன்றிலிருந்து அவர் ரசீது துரை.

ஆற்றில் குளிக்கும்போது ரசீதைப் பாலித்தீன் பையில் சுற்றித் தலையில் வைத்து, மேலே துண்டால் தலைப்பாகை கட்டிக்கொள்வார். கழுத்துவரை முங்குவாரே தவிர, தலை நனைந்ததில்லை. "தல முழுகி எத்தன நாளாச்சு துரை?" என்று ஃபிட்டர் சுடலை கேட்டால், "பதில் வரட்டும்வே" என்பார்.

கேண்டீனில் மாவாட்டும் கிரைண்டர் நின்றுபோயிற்று. "ஐயா, சும்மா ஒரு திருகு திருகிட்டுப் போங்க. நாளைக்கு இட்லி வேண்டாமா?" என்றாள் சமையல்கார இசக்கியம்மாள். ஒரு ஆலையையே கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டக்கூடிய மனிதர், அந்தக் கிரைண்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கையை நீட்டுவார், சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். கடைசியில் அழாத குறையாகச் சொன்னார்: "ரசீதுல கிரைண்டர் இல்லக்கா." மூன்று நாள் உப்புமா.

வீரவநல்லூர்ப் பக்கம் பஸ் நின்றபோதும் அதே கதை. எல்லாரும் இறங்கித் தள்ள, இவர் மட்டும் புளியமரத்தடியில் ஒதுங்கி நின்றார். தள்ளிக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு மூச்சு வாங்கியது. "ஏலே, வெள்ளக்காரன் அப்பமும் நம்மளத்தான் தள்ளவிட்டான், இப்பமும் நம்மளத்தான் தள்ளவிடுதான்!"

எல்லாரையும்விட அதிகம் சிரித்தவன் நான்தான். சிரிப்பு இரண்டு மாதம் தாங்கியது. அதன் பிறகு கோவில்பட்டியில் முதலாளியின் மைத்துனர் வைத்திருந்த ஆலையில் ஒரு இயந்திரம் படுத்துக்கொண்டது. ஒரு நாளைக்குத் துரையை அனுப்பச் சொன்னார்கள். வேறு ஆலை, வேறு மாவட்டம். பேசிச் சம்மதிக்க வைக்க மேனேஜர் தேர்ந்தெடுத்த அறிவாளி யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"காலைல போயி சாயங்காலம் வந்துருவீரு துரை. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்லா வே."

"மொதலாளி கோவப்படுவாரு."

"படட்டும்."

மறுநாள் காலை ஜீப் வந்து உறுமிக்கொண்டு நின்றது. துரை ஏறவில்லை. ஜீப் வெறுமனே திரும்பிப் போன அரைமணி நேரத்தில், கேட்டில் சைக்கிளில் ஒரு போலீஸ்காரர் வந்து இறங்கினார். துரை சொன்ன இடத்தில்தான் இருக்கிறாரா, சொன்ன வேலையைத்தான் செய்கிறாரா என்று பார்த்து மேலிடத்துக்கு எழுத வந்தவர்.

இயந்திரத்துக்கு அடியிலிருந்து ஒரு தக்காளி முகம் எட்டிப் பார்த்தது. "வாரும்வே, உக்காரும்!"

நான் ஓடிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டேன். என் பேச்சைக் கேட்டிருந்தால் அந்நேரம் அவர் கோவில்பட்டியில் யாருடைய இயந்திரத்துக்கோ அடியில் கிடந்திருப்பார்.

சில வாரங்களில் நீட்டிப்பு வந்தது. துரை புது முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மை காயட்டும் என்று இரண்டு தரம் ஊதினார். பிறகு பாஸ்போர்ட்டை மூடி என் மேஜைமேல் வைத்து, பீரோவை நோக்கிக் கண்ணைக் காட்டினார்.

இரண்டு தடவை அவரைக் கவிழ்க்கப் பார்த்தவன் நான். என் மனைவி, வீட்டுச் சாவியைக்கூட என்னிடம் கொடுத்ததில்லை.

"என்ன நம்பி மறுபடியும் குடுக்கீரே துரை? வேற ஆளுட்டக் குடும்."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நடந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சோலியப் பாரும்வே."