இன்ஸ்பெக்டர் அக்காவின் திங்கட்கிழமைகள்

வேலை இல்லாமல் இருப்பதை இவ்வளவு மும்முரமாகச் செய்த இன்னொருவரைத் திருச்சி மாவட்டம் பார்த்திருக்காது. அடித்துச் சொல்வேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் அவருடன் ஒரே அறையில் இரண்டு வருடம் இருந்தவள் நான்.

எல்லாருக்கும் அவர் இன்ஸ்பெக்டர் அக்கா. போலீஸ் இல்லை. திருவெறும்பூர் பக்கம் கொதிகலனுக்கு உதிரிபாகம் செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில், வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் இன்ஸ்பெக்டர். ஆனால் அந்த விளக்கத்தை அவராக யாரிடமும் சொன்னதில்லை. எங்களிடம் கறாராகப் பேசும் ஆட்டோக்காரர்கள் அவரிடம் மட்டும், "நீங்களே பாத்துக் குடுங்கம்மா" என்பார்கள்.

ஆர்டர் இல்லாமல் அந்தத் தொழிற்சாலையை மூடினார்கள். வேலை இழந்தவர்களுக்கு அரசு உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. அதற்கும் ஒரு கெடு உண்டு. அதுவும் முடிந்த அன்று என்ன ஆறுதல் சொல்வதென்று தெரியாமல் நாங்கள் கட்டிலைச் சுற்றி நின்றோம். அக்கா தலை வாரிக்கொண்டே, "தொகைதானே முடிஞ்சிருக்கு? எனக்கு வேலை இல்லாதது இன்னும் முடியலையே. அப்ப தொகையை நீட்டிக்கணும்ல?" என்றார்.

மறுநாளிலிருந்து காலை எட்டு மணிக்கெல்லாம் மொடமொடப்பான காட்டன் புடவை, கையில் டிபன் பாக்ஸ். செவ்வாய் முதல் சனி வரை வேலை தேடுவது. திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்கும் நாள். அன்று, உதவித்தொகையை முழுக்க வாங்கி முடித்தும் வேலை கிடைக்காதவர்களுக்கு இன்னும் சில மாதம் கொடுங்கள் என்று மனு. ஞாயிறு விடுமுறை. அன்றைக்குப் போய், "வேலை ஏதாவது கெடைச்சுதாக்கா?" என்று கேட்டால் கோபம் வந்துவிடும்.

"இன்னைக்கு லீவுங்க. நாளைக்குக் கேளுங்க."

ஒரு திங்கட்கிழமை அவருக்கு நல்ல காய்ச்சல். என் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினார். வழியில் பிரித்துப் படித்தேன். 'மேற்படி மனுதாரர் காய்ச்சல் காரணமாக இன்று மனு கொடுக்க வர இயலாததால், ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.' எனக்குக் காவிரியில் குதித்துவிடலாம் போலிருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு தடவை படித்தார். சிரிக்கவே இல்லை.

"டாக்டர்ட்ட காமிச்சாங்களா?"

"காமிச்சாச்சு சார்."

"சரி, லீவு சேங்ஷன்னு சொல்லிடுங்க. அடுத்த வாரம் வந்துரணும்."

பழைய தொழிற்சாலை ஆட்களும் ஒவ்வொருவராக வந்து வரிசையில் சேர்ந்தார்கள். அக்கா சும்மா இருப்பாரா? எல்லார் மனுவையும் வெல்டிங்கைப் பார்ப்பது போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது பாஸ். இது ரிஜெக்ட், தேதி போடல" என்று பிரித்துவிடுவார். மணப்பாறையிலிருந்து வரும் ஒரு வெல்டருக்குத் தாங்கவில்லை.

"அங்க என் வெல்டிங்கை ரிஜெக்ட் பண்ணீங்க. இங்க மனுவையுமா?"

"ரிஜெக்ட் பண்ணப்புறம் வெல்டிங் நல்லா வந்துச்சா இல்லையாண்ணே?"

"வந்துச்சு."

"அப்ப உக்காந்து திருப்பி எழுதுங்க."

அவரும் படிக்கட்டில் உட்கார்ந்து மறுபடி எழுதினார்.

இதற்கு நடுவில் அக்கா விரதம் இருக்க ஆரம்பித்தார். ஸ்ரீரங்கத்தில் விரதத்துக்குக் காரணமா கிடைக்காது? ஏகாதசி என்றார், சனிக்கிழமை என்றார். பெருமாளே கேட்காத ஒரு புதன்கிழமையும் சாப்பிடாமல் படுத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"இது என்ன விரதம்க்கா?"

"பொது விரதம்" என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகு எங்கள் அறையில் தினமும் யாராவது ஒருத்தி 'தெரியாமல்' ஒரு தோசை கூடுதலாக வாங்கி வந்துவிடுவாள். அக்கா அதைத் திருப்பிப் பார்த்து, ஓரம் கருகியிருப்பதைக் கண்டித்துவிட்டு முழுதும் சாப்பிடுவார்.

ஒரு வியாழக்கிழமை துவாக்குடியில் ஒரு பட்டறையில் அவருக்கு வேலை கிடைத்தது. அதே இன்ஸ்பெக்டர் வேலை. விடுதியே ஆடித் தீர்த்தது. அவரோ அடுத்த திங்கட்கிழமையே புது மேனேஜரிடம் அரை நாள் லீவு கேட்டிருக்கிறார்.

"எதுக்கும்மா?"

"வேலை இல்லாதவங்க மனு குடுக்கணும் சார்."

"உங்களுக்குத்தான் வேலை கெடைச்சிருச்சே?"

"எனக்கு மட்டும்தானே சார் கெடைச்சிருக்கு."

மேனேஜர் லீவு கொடுத்துவிட்டார். வேறு என்ன செய்வார்?

சில வாரங்களில் நீட்டிப்பு ஆணை வந்தது. மணப்பாறை வெல்டர் ஒரு பெரிய முறுக்குப் பொட்டலத்தோடு விடுதி வாசலில் நின்றார்.

"வந்துருச்சுங்க! எல்லாருக்கும் இன்னும் ஆறு மாசம். உங்க பேருதான் லிஸ்ட்ல இல்ல. நீங்க நடந்த நடைக்கு..." பொட்டலத்தை அக்கா கையில் வைத்தார்.

"நான் வேலைல இருக்கேண்ணே. என் பேரு இருந்தாத்தான் தப்பு" என்று அக்கா சிரித்த சிரிப்பில் மாடியில் இருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். அந்த முறுக்கை விடுதி மொத்தமும் இரண்டு நாள் கடித்தது.

அடுத்த மாதம் அவர் பட்டறைக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். காலியான கட்டிலுக்கு வேறு ஆள் போடட்டுமா என்று வார்டன் கேட்டார்.

"கொஞ்ச நாள் போகட்டும் மேடம்" என்றேன்.