குளியலறை வாசலில் இரண்டு விசில்

மதுரையில் குளித்து முடித்த பிறகு செக்கிங்கில் மாட்டிய ஒரே கூட்டம் நாங்களாகத்தான் இருக்கும். பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவன்கூடத் தப்பித்துவிடலாம். டபுள் விசிலின் பாத்ரூமில் சுவரைத் துடைக்காமல் வெளியே வந்தவன் தப்பித்ததாகச் சரித்திரமே கிடையாது.

வண்டியூரில் தெப்பக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி அவருடைய காம்பவுண்டு. வரிசையாக நான்கு வீடுகள், கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு பாத்ரூம். முதல் வீட்டில் அவரும் அவர் மனைவியும். மற்ற மூன்றிலும் எங்களைப் போன்ற வாடகை ஜென்மங்கள். முப்பது வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பையை ஒப்படைத்தவர் விசிலை மட்டும் ஒப்படைக்கவில்லை. கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். ரேஷன் கார்டில் அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு டபுள் விசில்தான்.

சட்டம் எளிமையானது. குளித்ததும் வைப்பரை எடுத்துச் சுவர்த் தண்ணீரை மேலிருந்து கீழே இழுத்துத் தள்ள வேண்டும். அப்புறம் தரை. மூலைகளைக் காய்ந்த துணியால் ஒற்ற வேண்டும். கதவும் ஜன்னலும் திறந்தே இருக்க வேண்டும். ஈரத் துண்டை உள்ளே தொங்கவிட்டு வந்தால் அன்றைக்கு முழுக்க அர்ச்சனை. பிறகு அவர் உள்ளே போவார். கையால் தொட்டுப் பார்த்தால் போதாதாம், கன்னத்தையே சுவரில் வைத்துப் பார்ப்பார். ஈரம் ஒட்டினால் ஒரு விசில். வண்டி நிற்கணும், நாங்கள் இடுப்புத் துண்டோடு மறுபடி உள்ளே போகணும். ஒட்டாவிட்டால் இரண்டு விசில், "ரைட், போலாம்!"

எனக்குப் பெண் கொடுக்க வந்த மாமனார், பெண் கொடுப்பதற்கு முன்பே அந்த ஒற்றை விசிலை வாங்கினார். முகம் கழுவ உள்ளே போன மனிதர் சுவரெல்லாம் தெறிக்கவிட்டு வெளியே வந்தார். விர்ரென்று விசில். "யோவ், யாருய்யா நீ?" என்று அவர் கேட்க, "யாரா இருந்தா என்ன? வைப்பரு கதவுக்குப் பின்னாடி இருக்கு" என்றார் இவர். மாமனார் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரைத் துடைத்தார். சம்பந்தம் போச்சு என்று நான் நடுங்கிக்கொண்டிருக்க, "இம்புட்டு கண்டிப்பான எடத்துல இருக்குற பையன் கெட்டுப் போக மாட்டான்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்தார்.

தெப்பக்குளம் நிறைந்த வருடம் ஊரே கரையில் நின்று செல்பி எடுத்தது. இவர் மட்டும் குளத்தைப் பார்த்துச் சண்டை போட்டார். "எம்புட்டுத் தண்ணி! என் செவுரு ஊறுமே, எவனாச்சும் யோசிச்சானா?"

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் அக்கா. அவர் மனைவியைத்தான் சொல்கிறேன். வீசிங் உள்ளவர், அதிர்ந்து பேசாதவர். "உங்க அக்காவுக்குப் பூசணம் ஆகாது மாப்ள. கறுப்பா ஒரு புள்ளி வந்தாப் போதும், அன்னைக்கே மூச்சு இழுக்க ஆரம்பிச்சிரும்" என்று நாங்கள் குடி வந்த முதல் நாளே டபுள் விசில் சொல்லியிருந்தார். எங்களுக்கும் தெரியும்தான். ஆனால் தினமும் விசில் வாங்குகிறவனுக்குக் காரணம் மறந்துபோய் விசில் மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

அதிலும் விடியற்காலை விசில் ரொம்பக் கொடுமை. சரியாக ஐந்தரை மணிக்கு முதல் வீட்டிலிருந்து இரண்டு விசில் வரும். "இன்னும் ஒருத்தனும் குளிக்கவே இல்ல, இந்தாளு யாருக்கு ரைட் குடுக்குறாரு?" என்று பக்கத்து வீட்டு முருகேசன் படுக்கையிலிருந்தே திட்டுவான். அவனியாபுரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன், தூங்குவதே கொஞ்ச நேரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டபுள் விசில் நேர்த்திக்கடனுக்காக அழகர்கோவில் போயிருந்தார். பாத்ரூம் மேல்மூலையில் கறுப்பாகக் கொஞ்சம் படர்ந்திருந்தது. முருகேசனும் நானும் கூடிப் பேசினோம். இதை ஒரே நாளில் அடியோடு ஒழித்துவிட்டால் விசிலிலிருந்து விடுதலை. அவர் ப்ளீச்சிங் பவுடரைக் காம்பவுண்டுக்குள்ளேயே விட மாட்டார். அதையும் அவருடைய கிறுக்குகளில் ஒன்று என்றே நினைத்திருந்தோம். ஒரு பாக்கெட் வாங்கிவந்து கரைத்துச் சுவரெங்கும் அடித்தோம். பூச்சி மருந்து அடித்தால் வீட்டைப் பூட்டுவதில்லையா? அதே கணக்கில், மருந்து நன்றாகப் பிடிக்கட்டும் என்று ஜன்னலையும் கதவையும் இறுக்கிச் சாத்தினோம். அந்தப் பாத்ரூமின் கதவை யாரும் அப்படிச் சாத்தியதே இல்லை.

சாயங்காலம் கால் கழுவப் போன அக்கா அந்தக் கதவைத் திறந்தார்.

சத்தம்கூடக் கேட்கவில்லை. முருகேசன்தான் முதலில் பார்த்தான். வாசற்படியில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஷேர் ஆட்டோவை மறித்து, உள்ளே இருந்தவர்களை இறக்கிவிட்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நாலு நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். அந்த நாலு நாளும் விடியற்காலை விசில் இல்லை. நான்தான் அதே ஐந்தரைக்கு விழித்துக்கொண்டு கிடந்தேன்.

ஐந்தாம் நாள் அக்கா வீடு திரும்பினார். மறுநாள் காலையில் மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். கதவு திறந்திருந்தது. அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். விசில் அக்காவின் வாயில் இருந்தது. எதிரே டபுள் விசில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஊது தாயி. மெதுவா. ஒண்ணு..."

லேசாக ஒரு சத்தம் வந்தது.

"அம்புட்டுத்தான். இன்னொண்ணு..."

காற்றுதான் வந்தது. அக்கா தலையை ஆட்டிவிட்டு விசிலைக் கொடுத்தார்.

என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து வந்தார். "பதினோரு வருசமா இப்பிடித்தான் மாப்ள. காலையில அவ ரெண்டு ஊதிட்டான்னா அன்னைக்கு வண்டி ஓடிரும். எனக்கும் தைரியம் வரும்" என்றார். நாங்கள் இத்தனை நாள் படுத்துக்கொண்டே திட்டியது அக்காவின் மூச்சை.

"அண்ணே, அந்த பவுடர் நாங்கதாண்ணே..." என்றேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என் தோளில் கை வைத்து, "கதவையாச்சும் தொறந்து வச்சிருக்கலாம்ல மாப்ள" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அதன்பிறகு நாங்கள் விசிலுக்காகத் துடைக்கவில்லை. முருகேசன் பழைய ஃபேன் மோட்டாரில் எக்ஸாஸ்ட் செய்து மாட்டினான். நான் ஒழுகுகிற குழாயை மாற்றினேன். பத்துப் பதினைந்து நாளில் அக்காவின் இரண்டாவது விசில் திரும்பி வந்தது. அன்று முருகேசன் படுக்கையிலிருந்தே கை தட்டினான். ஒன்றரை வருடம் அப்படிப் போனது. அந்த ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் காலை ஒன்றுதான் வந்தது. மறுநாள் ஒன்றுமே வரவில்லை. டாக்டர், நுரையீரல் எப்போதோ கெட்டுப்போனதுதான் என்றார். அவர் சொன்னதை நான் முழுசாக நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை.

தூக்குவதற்கு முன் டபுள் விசில் கழுத்துக் கயிற்றைக் கழற்றி, அக்காவின் கைக்குள் விசிலை வைத்து மூடினார்.

காரியம் முடிந்த மறுநாள் நான் குளித்தேன். சுவர், தரை, மூலைகள் எல்லாம் துடைத்துவிட்டு வெளியே வந்தால், அவர் வழக்கமான இடத்தில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போனார். கன்னத்தைச் சுவரில் வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"காஞ்சிருச்சு மாப்ள" என்றார். "இம்புட்டு நல்லா ஒரு நாளும் காஞ்சதில்ல."

அவர் வீட்டுக்குள் போய்விட்டார். கழுத்தில் விசில் இல்லை என்று தெரியும். இருந்தாலும் ரைட் வராமல் அந்த வாசலை விட்டு நகர எனக்கு மனசு வரவில்லை. ஈரத் துண்டோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.