வெந்நீருக்கு நான் சொன்ன விலை

நான் கணக்கு டீச்சர். பதினோரு வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கூட்டலும் கழித்தலும் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு கழித்தலைத் தப்பாகப் போட்டு, குடும்பத்தின் முன்னால் தலைகுனிந்து நின்றதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தெரியாமல் போட்டிருந்தால்கூடத் தேவலை. தெரிந்தே போட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பொருளை வாங்கி வீட்டுக்குள் வைத்தால், அது வேலை செய்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. "எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். நீங்கள் என்ன விலை சொன்னாலும், அதில் பாதி விலைக்கு அதே பொருளைக் கொடுக்கிற ஒரு புண்ணியவான் எங்கோ ஒரு தெருவில் இருப்பான். (அவனை இன்றுவரை நான் பார்த்ததில்லை.)

இந்தக் கேள்வியில் என் மாமனாரை மிஞ்ச ஆள் கிடையாது. போலீஸில் ஏட்டையாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தையோடு வாசுதேவநல்லூரில் இருக்கிறார். தங்கமான மனுஷர், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, விலை கேட்பதைத் தவிர. எனக்குக் கல்யாணமாகி அப்போது எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தில் நான் வாங்கிய மிக்ஸி, மெத்தை, ஐந்தருவிக் கடையில் வாங்கிய மங்குஸ்தான் பழம் என்று ஒவ்வொன்றுக்கும் மாமாவின் தீர்ப்பு ஒன்றுதான். "ஏமாந்துட்டியே தாயி." ஜவுளிக்கடையில் சும்மா கொடுத்த காலண்டரைக் காட்டினேன். அடுத்த கடையில் இதைவிடப் பெரிசாகக் கொடுக்கிறானாம்.

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நானும் சிரிப்பேன். ஆனால் ராத்திரி படுத்தால் அந்த வார்த்தைதான் காதில் கேட்கும். நானும் நாலு பேரைப் போல விவரமானவள்தான் என்று அவர் வாயால் ஒரு தடவை சொல்லிக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. வேறு பெரிய ஆசை எதுவும் எனக்கு இருந்ததில்லை.

நாங்கள் இருப்பது தென்காசியில். சாரல் தொடங்கினால் அத்தைக்கு முட்டுவலியும் தொடங்கிவிடும். இங்கே வந்து ஒரு மாசம் தங்கி, வைத்தியரைப் பார்த்து, வெந்நீரில் குளித்துவிட்டுப் போவார். அந்த வருஷம் அவர்கள் வருவதற்குப் பத்து நாள் முன்னால், எங்கள் வீட்டு கேஸ் கீசர் இருமி இருமி அணைந்துபோனது. என் வீட்டுக்காரர் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். சீசன் நேரத்தில் அவர் வீட்டுக்கு வருவதே விருந்தாளி மாதிரிதான். ஆக, மாற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது.

கீசர் மெக்கானிக் காஜா வந்தார். முப்பத்தைந்து வயது, மூன்று பிள்ளைகளின் தகப்பன், பொய் சொல்லத் தெரியாதவர். (இந்தக் கடைசி விஷயத்தை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.) மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இதற்கு இனி வைத்தியம் கிடையாது என்றார். அதோடு, கேஸ் கீசரைக் குளியலறைக்குள் வைக்கவே கூடாது, கதவைச் சாத்திக்கொண்டு குளித்தால் மூச்சு முட்டி ஆளே போய்விடலாம், இத்தனை நாள் நாங்கள் பிழைத்துக் கிடந்ததே பெரிசு என்று ஒரு போடு போட்டார். வெளிச்சுவரில் மாட்ட வேண்டும், சுவரைத் துளைத்துக் குழாய் இழுக்க வேண்டும்.

கீசர் ஏழாயிரத்து இருநூறு. குழாய், ஹோஸ், ரெகுலேட்டர் இரண்டாயிரத்து நூறு. சுவரைத் துளைக்க வந்த கொத்தனார் ஆயிரத்து நானூறு. அவர் துளைத்த வேகத்தில் இரண்டு டைல்ஸ் உடைந்தது. அந்தப் பூப்போட்ட டைல்ஸ் இப்போது வருவதில்லை என்பதால் ஒரு வரிசையையே மாற்றியதில் இரண்டாயிரத்து நானூற்று ஐம்பது. காஜாவுக்குக் கூலி ஆயிரத்து ஐநூறு. மொத்தம் பதினாலாயிரத்து அறுநூற்று ஐம்பது. ஒவ்வொன்றாகக் கொடுக்கும்போது வலிக்கவில்லை. கூட்டிப் பார்த்தபோதுதான் தண்ணீர் குடிக்கவேண்டி வந்தது.

மாமாவும் அத்தையும் வந்தார்கள். மறுநாள் காலையில் மாமா குளித்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்ப் புது கீசரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எம்மா செல்வி, இது எவ்வளவு ஆச்சு?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. ஆனால் 'ஏமாந்துட்டியே' என்று சொல்வதற்கு அவர் உதடு தயாராகிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன்.

"ஆறாயிரம் மாமா," என்றேன்.

"பொருள் மட்டுமா?"

"கூலி, குழாய், டைல்ஸ் எல்லாம் சேர்த்துத்தான் மாமா."

மாமா கீசரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, "பரவாயில்லயே, கெட்டிக்காரியா இருக்கியே," என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அன்று சாம்பாரில் உப்புப் போட்டேனா இல்லையா என்றுகூடத் தெரியாது, அவர் அதையும் நல்லாருக்கு என்று சாப்பிட்டார். வீட்டுக்காரர் போனில் விஷயத்தைக் கேட்டதும், அப்பாவுக்குப் பொய்யைப் பிடிப்பதுதான் முப்பது வருஷத் தொழில், தான் இந்த ஆட்டத்துக்கு வரவில்லை என்று வைத்துவிட்டார்.

மாமா பொய்யைப் பிடிக்கவில்லை. அதைவிட மோசமாக, நம்பிவிட்டார். நம்பினதோடு நில்லாமல் ஊரெல்லாம் போன் போட்டார். எங்க மருமக பேசின பேச்சில் கடைக்காரன் மிரண்டுபோய்க் கொடுத்துவிட்டான் என்று அவரே கொஞ்சம் சேர்த்தும் சொன்னார். மூன்றாம் நாள், அச்சன்புதூரில் இருக்கும் அவர் தங்கச்சி, எனக்குச் சின்னம்மா முறை, ஆறாயிரம் ரூபாயோடு வந்து இறங்கினார். அவர் வீட்டு கீசரும் போய்விட்டதாம். அதே கடை, அதே ஆள், அதே விலை.

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, "எல்லாத்தையும் செல்வி பாத்துக்கிடுவா," என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்கு வாய் வரவில்லை. கொத்தனாருக்கும் டைல்ஸுக்கும் வேலை இல்லாததால் அச்சன்புதூர் செலவு ஏறக்குறையப் பதினோராயிரத்தில் முடிந்தது. மிச்சம் ஐயாயிரத்தை, ஸ்கூட்டி வாங்குவதற்காக நான் எடுத்து வைத்திருந்த சீட்டுப் பணத்திலிருந்து காஜாவிடம் கொடுத்தேன். "யாருக்கும் தெரிஞ்சிராம பாத்துக்கோங்க அண்ணே," என்றதும் அவர் முகம் பேயடித்தது மாதிரி ஆகிவிட்டது.

அடுத்தது மாமாவே. வாசுதேவநல்லூர் வீட்டுக்கும் ஒன்று வேண்டுமாம். பன்னிரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டை இரண்டு தடவை எண்ணி என் கையில் வைத்தார். என் சீட்டுப் பணத்தில் இன்னொரு ஐயாயிரம் போனது. ஸ்கூட்டியின் முன்சக்கரம் கழன்று உருண்டோடுவது என் கண்ணுக்குத் தெரிந்தது.

கீசர் மாட்டுகிற ஞாயிற்றுக்கிழமை, மாமா, அத்தை, நான், காஜா நாலு பேரும் வாசுதேவநல்லூர் போனோம். வாசலில் ஏழு ஜோடிச் செருப்பு கிடந்தது. ஏதோ துஷ்டி, யாரும் தவறிவிட்டார்களோ என்று பயந்தே போனேன். உள்ளே மாமாவின் சிநேகிதர்கள் ஏழு பேர், போலீஸிலும் பட்டாளத்திலும் இருந்து ஓய்வு பெற்றவர்கள், ஆளுக்கு ஒரு நாற்காலியில் இருந்தார்கள். எல்லோருக்கும் ஆறாயிரம் ரூபாய் கீசர் வேண்டும். ஆளுக்கு ஆயிரம் அட்வான்ஸ் ஏற்கெனவே மாமா சட்டைப்பையில் ஏறியிருந்தது.

ஏழு ஐயாயிரம் எவ்வளவு என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். எனக்குச் சொல்ல வரவில்லை. அடுக்களைக்குள் போய் அரிசி டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்கூட்டி போனால் போகட்டும், என் கழுத்துச் சங்கிலியும் அல்லவா போகும் போலிருக்கிறது.

ஒருவழியாகக் கூடத்துக்குத் திரும்பி வந்தேன். வேலையை முடித்துவிட்டுக் காஜா கை கழுவிக்கொண்டிருந்தபோதுதான், பட்டாளத்துக்காரர் ஒருத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டைப்பெட்டியைப் புரட்டினார். அதில் கொட்டை எழுத்தில் ஒன்பதாயிரத்து ஐநூறு என்று அச்சடித்திருந்தது. அவர் பெட்டியை மாமாவிடம் நீட்டினார். மாமா காஜாவை நாற்காலியில் உட்காரவைத்து, டீ வரவழைத்தார். யாரை விசாரித்தாலும் முதலில் டீ வாங்கிக் கொடுப்பது அவர் வழக்கம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதனால் மாட்டிக்கொண்டேன் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"காஜா, இது என்ன வெல?"

காஜா நான் சொல்லிக்கொடுத்தபடி, டிஸ்கவுண்ட் என்றார்.

"சரி. ஆறாயிரத்துல பொருளுக்குப் போக, குழாய்க்குப் போக, ஒனக்குக் கூலி எங்கன இருந்து வருது?"

காஜா என்னைப் பார்த்தார். நான் கொல்லைக்கதவு வழியாகக் கீசரைப் பார்த்தேன். அதிலிருந்த சின்ன விளக்கு அது பாட்டுக்கு மினுமினுவென்று எரிந்துகொண்டிருந்தது. காஜா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டார்.

"ஐயா, நான் பிள்ளகுட்டிக்காரன். என்னால முடியாது. இங்கன ஐயாயிரம், அச்சன்புதூர்ல ஐயாயிரம், மிச்சத்த அக்காதான் கைக்காசு போட்டுத் தாராங்க. அவங்க வீட்டுக்குப் பதினாலாயிரத்துக்கு மேல ஆச்சு."

ஏழு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். பூமி பிளந்து உள்ளே போவது என்பார்களே, அதற்கு நான் முன்பதிவே செய்திருப்பேன். மாமா கோபப்படவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"எதுக்குத் தாயி இப்பிடிச் செஞ்ச?"

நல்லதாக ஒரு பதில் யோசித்தேன். அழுகைதான் வந்தது. "ஒரு தடவையாச்சும் நீங்க என்னைய ஏமாந்துட்டன்னு சொல்லாம இருக்கணும்னு இருந்துச்சு மாமா," என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூக்கு ஒழுகிவிட்டது. முப்பத்தாறு வயசுப் பொம்பளை, கையில் பிரம்பு வைத்திருக்கிற டீச்சர், ஏழு ஆம்பளைகள் முன்னால் முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன்.

அத்தைதான் முதலில் பேசினார். முட்டுவலியோடு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டு மாமாவிடம் சொன்னார்.

"எட்டு வருசமா பிள்ளைய கூண்டுல ஏத்தி விசாரிச்சீகன்னா, அவ பொய்தான் சொல்லுவா. நானுந்தான் ஒங்களுக்குப் பயந்து முப்பது வருசமா பூவுக்குக்கூட வெலையக் கொறச்சுச் சொல்லுதேன்."

முப்பது வருஷம் வீட்டுக்குள்ளேயே நடந்த குற்றம் மாமாவுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. பிறகு சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து, ஒவ்வொருத்தருக்கும் அவரவர் ஆயிரத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"வெல பதினோராயிரம்லே. வேணும்ங்கிறவன் குடு. வேண்டாங்கிறவன் பச்சத்தண்ணியில குளி."

இரண்டு பேர் கொடுத்தார்கள். மற்ற ஐந்து பேரும் இன்றுவரை பச்சைத்தண்ணீர்தான் என்று கேள்வி. மறுநாள் மாமா பாங்குக்குப் போய் வந்து பத்தாயிரத்தை என் கையில் வைத்தார். எண்ணச் சொன்னார். அச்சன்புதூர்க் கணக்கைத் தங்கச்சியிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். அப்புறம் எங்கேயோ பார்த்துக்கொண்டு, ஆளு மூச்சு முட்டாமல் குளிக்கிறதுக்குப் பதினாலாயிரம் ஒன்றும் அதிகமில்லை, நீ ஏமாறவில்லை என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் நியூஸ் பார்க்கப் போய்விட்டார்.

அதோடு விஷயம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். எங்கள் குடும்பத்தில் ஒரு பொருளுக்கு இப்போது இரண்டு விலை உண்டு. கடை ரேட்டு, செல்வி ரேட்டு. யார் எதை வாங்கிவந்து என்ன விலை சொன்னாலும், "இது எந்த ரேட்டு?" என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுகிறார்கள். அச்சன்புதூர் சின்னம்மா மகள் கல்யாணத்தில், மேடையில் வைத்து, மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரத்துக்கே கேட்டார்கள். காஜாகூடக் கேட்கிறார், போன மாசம் சர்வீஸுக்கு வந்தபோது.

மாமா மட்டும் என்னிடம் எந்த விலையும் கேட்பதில்லை. கேட்க வாயெடுப்பார், அத்தையைப் பார்ப்பார், "நல்லாருக்கா?" என்று மாற்றிக்கொள்வார்.

போன சாரலுக்கு வந்தபோது எனக்கு ஒரு சேலை கொண்டுவந்தார். மயில்கழுத்து நிறம், தொட்டாலே வழுக்கியது. எவ்வளவு மாமா என்று கேட்டேன், பழக்கதோஷம். எண்ணூறு ரூபாய் என்றார், முகத்தில் ஒரு அசைவு இல்லை. நான் காபி போட அடுக்களைக்குப் போனேன். கூடத்தில் அத்தை, நெசத்துல எவ்வளவு என்று மெதுவாகக் கேட்பது காதில் விழுந்தது.

"மூவாயிரத்து இருநூறு," என்றார் மாமா. "கத்தாத. அந்தப் பிள்ள காசப் பாத்துக்கிட்டு உடுத்தாம உள்ள வச்சிரும்."