கிறிகோரியின் ஸ்கொட்லாந்துப் பூட்டன்

கிறிகோரிக்கு அவசரமாக ஒரு வெள்ளைக்காரப் பூட்டன் தேவைப்பட்டார். அதுவும் பின்னேரத்துக்குள்.

"நினைச்சாப்போலை பூட்டனுக்கு நான் எங்கையப்பா போறது?" பலெர்மோவின் லிபெர்த்தாத் தெருவில் தான் பராமரிக்கும் இத்தாலியக் கிழச் சிஞ்ஞோராவின் குசினியில் நின்று தக்காளி வெட்டியபடி, போனில் மனைவி ஸ்ரெல்லாவிடம் கேட்டார்.

"சொல்லுற வேலையை நான் செய்திட்டன். தேடுற வேலையையாவது நீங்கள் செய்யக்கூடாதோ?"

விசயம் இதுதான். மகன் ஜோசுவா வுச்சீரியாச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக்கடையில் சமையல். வயது முப்பத்திரண்டு. காட்டிய பெண்களையெல்லாம் மூக்கு சரியில்லை, சிரிப்பு சரியில்லை, தமையன் சரியில்லை என்று தட்டிவிட்டவன். ஸ்ரெல்லாவுக்கோ பலெர்மோ, கத்தானியா என்று சிசிலிக்குள் எங்குமே சம்பந்தம் வேண்டாம் என்பது கொள்கை. "வீடு துடைச்சது எங்களோடை போகட்டும். மருமகள் இங்கிலீசு கதைக்கிற நாட்டிலையிருந்து வரவேணும்" என்பதைச் செபமாலைக்கு நடுவிலும் ஒருதரம் சொல்லிக்கொள்வாள். கடைசியில் ஜோசுவாவே ஒரு பெண்ணைக் காட்டினான். பெயர் றம்யா. இருப்பது கிளாஸ்கோ. "இவளெண்டால் ஓம்" என்றான். அந்த ஒரு 'ஓம்' கேட்கக் கிறிகோரி மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்துப் பல வருசம்.

படம் அனுப்பும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. படத்தில் ஜோசுவாவின் கண் சாம்பல் நிறம். சிநேகிதன் கலியாணத்துக்கு ஸ்டைலுக்குப் போட்ட லென்ஸ். பெண்ணின் தகப்பன் யாக்கோபு போன் எடுத்துக் கேட்டார்: "தம்பின்ரை கண் என்ன அப்பிடி? பரம்பரையோ, ஏதும் நோயோ?"

மகனுக்கு நோய் என்றதும் ஸ்ரெல்லாவுக்கு உச்சியில் ஏறிவிட்டது. "பரம்பரை அண்ணை! இவரின்ரை பூட்டன் ஸ்கொட்லாந்துக்காரன். உங்கடை இடம்தான்!"

யாக்கோபு அதைப் பிடித்துக்கொண்டார். "அப்ப பேரைச் சொல்லுங்கோ தங்கச்சி. இஞ்சை செத்தவனெல்லாம் பதிவிலை கிடக்கிறான். பத்து வருசத்துக்கொருக்கா வீடுவீடாப் போய்க் குடிசனக் கணக்கு எடுத்து வைச்சிருக்கிறாங்கள். கோயில் பதிவும் கிடக்கு. பின்னேரம் எடுக்கிறன்."

கிறிகோரி யோசித்தார். தேடினாலும் கிடைக்காத பெயராக இருக்கவேண்டும். ஸ்கொட்லாந்தில் பரவலான பெயர் எது என்று போனைத் தட்டிப் பார்த்தார். தன் ஊர் மன்னாரில் 'அந்தோனி' என்று கூப்பிட்டால் அரைக் கோயில் திரும்புமே, அப்படி ஒன்று அகப்பட்டது.

"ஜோன் மக்டொனல்ட்," என்றார் பின்னேரம்.

"நல்லது தம்பி. இதிலை நாலாயிரம் பேர் கிடக்கினம். தொழில்?"

பொய் சொல்லுகிறவன் பொலிசைக்கூடச் சமாளிக்கலாம். விபரம் கேட்கிறவனைச் சமாளிக்க ஏலாது.

"மன்னாரிலை முத்துக்குளிப்புப் பாக்க வந்த துரை."

"பிறந்த ஊர்?"

கிறிகோரி போனில் ஸ்கொட்லாந்து வரைபடத்தை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தார். முதல்தரம் கடலில் விழுந்தது. இரண்டாம்தரம் ஒரு குக்கிராமம். வாய்க்குள் வராத பெயர். எழுத்தெழுத்தாகச் சொல்லிவிட்டு, தப்பினோம் என்று தக்காளியை அடுப்பில் போட்டார்.

இரண்டு நாளில் போன் அலறியது. யாக்கோபு காணொளியில் வருவதில்லை. கிளாஸ்கோ மழைக்குக் கமெராவில் பனிப்புகார் பிடித்துவிட்டதாம்.

"தம்பி, ஆள் அம்பிட்டார்!"

"ஆர்?"

"ஆரோ? உங்கடை பூட்டன்!"

இல்லாத ஆள் கிடைக்காவிட்டால் கவலையில்லை. கிடைத்துவிட்டால் என்ன செய்கிறது?

"ஆயிரத்தெண்ணூற்றி எண்பத்தொண்டாம் ஆண்டுக் கணக்கு. வயசு ஒன்பது. தகப்பன் கரி சுமக்கிறவர். வீட்டிலை பத்துப்பேர். யன்னல் வைச்ச அறை ஒண்டு."

"யன்னலையும் எண்ணினவங்களோ?"

"அது ஸ்கொட்லாந்துக் கணக்கு, தம்பி. யன்னலும் தப்பாது."

ஸ்ரெல்லா போனைப் பறித்தாள். "அண்ணை, துரை பிறந்த வீட்டிலை ஒரு யன்னல்தானோ?"

"யன்னல் பெரிசாயிருக்கும் தங்கச்சி," என்று யாக்கோபு ஆறுதல் சொன்னார். "அடுத்த விசயத்தைக் கேளுங்கோ. ஆயிரத்துத் தொளாயிரத்து ஒண்டிலை ஆளைக் காணேல்லை!"

"அப்ப அது எங்கடை ஆளில்லை அண்ணை. விடுங்கோ," என்றார் கிறிகோரி ஆவலாக.

"என்ன விடுறது? அங்கை இல்லையெண்டால் மன்னாரிலை நிக்கிறார். இதைவிட வேறென்ன அத்தாட்சி வேணும்?"

அந்த ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிப்பதற்குள் பலெர்மோத் தமிழர் எல்லாருக்கும் சேதி தெரிந்துவிட்டது. ஸ்ரெல்லா தொடங்கும்போது முத்துக்குளிப்புத் துரையாக இருந்தவர், முற்றத்தைக் கடக்கும்போது கவர்ணராகியிருந்தார். கோயில் மண்டபத்தைக் கவனிக்கும் மொனிகா கிறிகோரியைக் கூப்பிட்டாள்: "துரை, அந்தக் கதிரையளைக் கொஞ்சம் அடுக்கிவிடுங்கோ."

அடுத்த கிழமை யாக்கோபின் குரல் இறங்கியிருந்தது.

"தம்பி, ஒரு சிக்கல். தொளாயிரத்துப் பதினோராம் ஆண்டுக் கணக்கிலை பூட்டன் திரும்ப வந்திட்டார். பெண்சாதியும் ஆறு பிள்ளையளும். கோயில் பதிவைப் பாத்தன், கலியாணம் முடிச்சிட்டுத்தான் வெளிக்கிட்டிருக்கிறார். அப்ப உங்கடை பூட்டி ஆர்?"

கிறிகோரி தன் சொந்தப் பூட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டதை நினைத்துப் பார்த்தார். மன்னார்ப் பேசாலையில் வலை பின்னி, கோயிலே கதியென்று கிடந்த மனுசி. செத்து எண்பது வருசத்துக்குப் பிறகு இந்தப் பழி.

"என்ரை மனுசி கிளறா அழுறா. இப்பிடிப்பட்ட குடும்பத்திலை பெட்டையைக் குடுக்கிறதோ எண்டு கேக்கிறா."

பக்கத்தில் நின்ற ஜோசுவாவின் முகம் செத்துப்போயிற்று. "அப்பா, ஏதாவது செய்யுங்கோ. றம்யா இல்லையெண்டால் நான் கட்டவே மாட்டன்."

"அண்ணை, அது தமையன்காரன்!" என்றார் கிறிகோரி. "எங்கடை ஆள் தம்பி. அலெக்ஸ்!"

மறுமுனையில் தட்டும் சத்தம் கேட்டது. "அலெக்ஸ் இருக்கிறார்தான். அடக்கப் பதிவிலை இருக்கிறார். ரெண்டு வயசு."

"ரெண்டோ?"

"ரெண்டு வயசிலை செத்தவர் மன்னாரிலை எப்பிடித் தம்பி கலியாணம் முடிச்சார்?"

"அந்தக் காலத்திலை எல்லாருக்கும் நேரத்தோடை முடிச்சு வைக்கிறது, அண்ணை."

ஸ்ரெல்லா மறுபடி போனைப் பறித்தாள். "பதிவு பிழையாயிருக்கும் அண்ணை! ஒண்டு செய்வம். கலியாணத்தை ஸ்கொட்லாந்திலையே வைப்பம். நாங்கள் ஒரு அம்பது பேர் வாறம். உங்கடை வீட்டிலை இறங்கி, அந்த ஊருக்கும் போய், பதிவையும் நேரிலை பாத்து முடிவெடுப்பம்!"

யாக்கோபுக்கு இருமல் வந்தது. நீண்ட இருமல்.

"தங்கச்சி, இது போனிலை கதைக்கிற விசயமில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே அங்கை வாறன்."

கிறிகோரிக்கு விளங்கிவிட்டது. பொய்யைப் பிடித்துவிட்டார். முகத்துக்கு நேரே காறித் துப்பத்தான் ஆள் வருகிறார்.

பலெர்மோவின் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலே வாசலில் சந்திப்பதாகப் பேச்சு. ஆடி மாதத்து வெயில். விமானநிலைய ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கிறதென்று கிறிகோரி நிழல் தேடி நடந்தார். பார்த்தால், படத்தில் கண்ட யாக்கோபு முன்னமே வந்து நிற்கிறார். தடித்த கம்பளிக் கோட்டு, கழுத்தைச் சுற்றி மவ்ளர், நாடியால் வியர்வை ஒழுகுகிறது.

"பிளேன் முந்தி வந்திட்டுது," என்றார் யாக்கோபு. "எங்கடை பக்கம் இப்ப சரியான குளிர்."

கிறிகோரியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அந்த இடத்திலேயே அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, பூட்டனுமில்லை, துரையுமில்லை. கண் வெறும் லென்ஸ். எங்கடை பரம்பரையிலை வெள்ளையா இருந்தது வேட்டி மட்டும்தான். பிழை எங்கடை. பிள்ளையளைப் பிரிச்சுப்போடாதேங்கோ."

யாக்கோபு மவ்ளரால் முகத்தைத் துடைத்தார். பிறகு மார்பை நிமிர்த்தினார்.

"தம்பி, நாங்கள் ஸ்கொட்லாந்திலை இருக்கிறனாங்கள். அங்கை செத்தவன்கூடப் பொய் சொல்லேலாது. ஒரு சம்பந்தத்துக்காக இப்பிடியே புளுகிறது? இல்லாததை இருக்கெண்டு சொல்ல வெக்கமாயில்லையோ?"

"வெக்கம்தான் அண்ணை."

"உங்கடை பொடியனுக்காக மன்னிக்கிறன். ஆனா ஒரு தண்டனை. கலியாணம் இஞ்சை பலெர்மோவிலைதான். உங்கடை ஆக்கள் ஒருத்தரும் எங்கடை வீட்டுப் பக்கம் வரக்கூடாது."

இவ்வளவு பெரிய மனமா என்று கிறிகோரிக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து, அந்தச் சத்தியவானின் கையை முத்தமிடப் போனார்.

அப்போது தெருவுக்கு அப்பால், பஸ் தரிப்பிலிருந்து கூடையோடு வந்த ஒரு தமிழர், அகஸ்ரின் என்பவர், யாக்கோபைக் கண்டு கையை உயர்த்திக் கத்தினார்:

"யாக்கோபண்ணை! கத்தானியாவுக்குத் திரும்பிற பஸ் நாலரைக்காம், விட்டிடாதேங்கோ. முப்பது வருசமா ஒருநாளும் பூட்டாத உங்கடை மீன்கடையை நாளைக்கு ஆர் திறக்கிறது?"