கல்லூரி பார்க்கப் போனதும் தொப்பிக்காரர் குறுக்கே வந்ததும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அத்தான் உப்பைக் குறைத்தாரா, இல்லை நீ அந்தப் பக்கம் திரும்பியதும் அள்ளிப் போட்டுக்கொள்கிறாரா? இங்கே மூவரும் சௌக்கியம். சரியாகச் சொன்னால் இருவர் சௌக்கியம். மூன்றாவது ஆளின் நிலைமையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஃபோனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் பாப்பா பக்கத்து அறையில் இருக்கிறாள். அவளிடம் நான் பேசுவது மட்டும்தான் அவள் காதில் ஏறாது, மற்றவர்களிடம் நான் பேசுவதெல்லாம் தெளிவாகக் கேட்கும்.

போன சனிக்கிழமை அவளை அந்தப் பெரிய கல்லூரியைச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனேன். அவள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி, லீவு கிடைக்கவில்லை. சனிக்கிழமை என் மூக்குக் கண்ணாடிக் கடையில் எவ்வளவு கூட்டம் வரும் என்று உனக்குத் தெரியும். இருந்தும் ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். "வரும் நாளை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், தயங்காமல் கேள்வி கேளுங்கள்" என்று கல்லூரியிலிருந்து எழுதியிருந்தார்கள். கல்லூரியைப் பயன்படுத்துவது இருக்கட்டும், ரயில் பயணத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதுதான் என் எண்ணம். இன்னும் கொஞ்ச நாளில் ஹாஸ்டலுக்குப் போய்விடுவாள், இன்றைக்காவது அப்பாவும் பெண்ணும் மனம்விட்டுப் பேசிக்கொண்டே போகலாம் என்று நினைத்தேன். உட்கார்ந்ததும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டாள். "என்ன படிக்கலாம்னு இருக்கே?" என்றேன். "பாக்கலாம்பா." "கண் சம்பந்தமா ஏதாவது படிச்சா நாளைக்கு நம்ம கடையவே பாத்துக்கலாம்." "ம்." "ரொட்டி சாப்பிடறியா?" "ம்." அந்த 'ம்' வேண்டும் என்பதா வேண்டாம் என்பதா என்று புரியாமல் அவள் பங்கையும் நானே தின்று தீர்த்தேன். வேண்டும் என்பதாம்.

கல்லூரி வாசலில் எங்களைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்தார்கள். எங்கள் குழுவில்தான், அக்கா, அந்தத் தொப்பிக்காரர் இருந்தார். லிஃப்ட் ரிப்பேர் செய்யும் கம்பெனி வைத்திருக்கிறாராம். வெயிலே இல்லாத நாளில் எதற்குத் தொப்பி? அவர் மகன் பின்னாலேயே கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தான். தொப்பிக்காரர் எங்கள் பெண்ணைப் பார்த்து, "பாப்பா, நீ என்ன படிக்கப் போறே?" என்று சர்வசாதாரணமாகக் கேட்டார். நான் வெளியிடத்தில் பாப்பா என்று கூப்பிட்டால், "நான் என்ன கைக்குழந்தையா?" என்று சண்டைக்கு வருகிறவள், அவரிடம் சிரித்துக்கொண்டே, "ஜியாலஜி அங்கிள். பாறை, மண்ணு, பூமிக்கடியில என்ன இருக்குன்னு படிக்கறது. சின்ன வயசிலேர்ந்தே எனக்கு அதான் பைத்தியம்" என்றாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். பதினேழு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் ஜன்னலோரத்தில் கல் அடுக்கி வைத்தபோதெல்லாம் அழகுக்கு வைக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பெற்ற தகப்பனுக்கு 'பாக்கலாம்பா', யாரோ ஒரு தொப்பிக்குப் பூமியின் அடி வரைக்கும் விளக்கம்! அதன் பிறகு அவள் அவர் பக்கத்திலேயே நடந்தாள், நான் கொட்டாவிப் பையனோடு பின்னால் போனேன். அவர் என்னமோ சொல்ல, இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காதைக் கொடுத்துக் கேட்டேன். கண்ணாடி மாட்டினால் படிக்க வருமா என்று டாக்டரிடம் கேட்டானே, எழுத்தே தெரியாத ஒருவன், அந்தக் கதை! நான் வருடக்கணக்காக என் கடையில் சொல்லும் கதை! நான் சொல்லும்போது, "அப்பா, போதும்" என்று எழுந்து போகிறவள்தான் அக்கா இவள்.

எனக்கும் ரோஷம் இருக்கிறதல்லவா? நானும் கேள்வி கேட்பது என்று இறங்கினேன். தொப்பிக்காரர், "முதல் வருஷத்துலயே படிப்ப விட்டுட்டுப் போறவங்க எதனால போறாங்க?" என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள், பாப்பாவும்தான். நான், "ஹாஸ்டல் கதவெல்லாம் உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கம் திறக்குமா?" என்று கேட்டேன். வேறு ஒன்றும் அப்போது தோன்றவில்லை. சுற்றிக் காட்டிய மாணவி எங்களைப் பார்த்துப் பேசியபடியே பின்பக்கமாக நடந்தாள். அவள் தூணில் மோதிவிடப் போகிறாளே என்று, "பாத்தும்மா, பாத்து!" என்று கத்திக்கொண்டே ஓடி, நான் மோதினேன். "ஐயோ, அடிபட்டுதா சார்?" என்று முதலில் ஓடிவந்ததும் தொப்பிக்காரர்தான். எரிகிற நெருப்பில் எண்ணெய்.

கடைசியில் ஜியாலஜித் துறைக்குப் போனோம். ஒரு ஆராய்ச்சி மாணவி மைக்ராஸ்கோப் பக்கத்தில் நின்றாள். மைக்ராஸ்கோப்! லென்ஸ்! இது என் ராஜ்யம் அல்லவா? குனிந்து பார்த்தேன், ஒரே தூசி. "என்னம்மா, இவ்வளவு அழுக்கா வச்சிருக்கீங்க?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, பையிலிருந்த கடைத் துணியை எடுத்து, அடியிலிருந்த தட்டைப் பளபளவென்று துடைத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு என் துணியையே பார்த்தாள். பளபளப்பைப் பார்த்து அசந்துவிட்டாள் என்று நினைத்தேன். நான் துடைத்தது தூசி இல்லையாம் அக்கா. கடலடி மண்ணிலிருந்து ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்த, மணல் பருமன்கூட இல்லாத சிப்பிகளாம். பல லட்சம் வருடம் கடலுக்கடியில் பத்திரமாக இருந்தவை, என் துணிக்கு வந்து சேர்ந்துவிட்டன.

பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. பாப்பா மட்டும் பதறவில்லை. துணியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, மேஜையில் விரித்து, "ஒரு பிரஷ் குடுங்கக்கா" என்று உட்கார்ந்துவிட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். தொப்பிக்காரர் டார்ச் பிடித்தார். நான் பிடித்திருக்க மாட்டேனா? குழு கிளம்பிப் போயும் இவள் எழுந்திருக்கவில்லை. துறைத் தலைவி வந்து எட்டிப் பார்த்து, "யாரு இந்தப் பொண்ணு? கை இவ்வளவு நிதானமா இருக்கே!" என்றார். பாப்பா தலையைத் தூக்காமலே, "எங்கப்பா கண்ணாடிக் கடைல சின்னச் சின்ன ஸ்க்ரூ எல்லாம் நான்தான் மாட்டுவேன்" என்றாள். நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு கொஞ்சம் முன்னால் வந்து நின்றேன்.

பிறகு கேன்டீனில் தொப்பிக்காரர் எனக்குத் தேநீர் வாங்கித் தந்தார். "தப்பா நினைக்காதீங்க சார், உங்களப் பாத்தா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு" என்றார். "என்னையா?" "காலைலேர்ந்து உங்க பொண்ணு உங்க கதையத்தான் சொல்லிக்கிட்டே வருது. எங்கப்பா அப்படி, எங்கப்பா இப்படின்னு. அந்த ஜோக்கக்கூட அதுதான் பாதி சொல்லுச்சு, மீதி எனக்குத் தெரிஞ்சுது. என் பையன் எங்கிட்ட முழுசா ஒரு வார்த்தை பேசி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?" தொப்பியைக் கழற்றினார். உள்ளே முடியே இல்லை. பாவம், நல்ல மனிதர்.

ஆகவே அக்கா, என் மனம் தெளிந்துவிட்டது. அவள் யாரிடம் பேசினால் என்ன, பேசுவது என்னைப் பற்றித்தானே? பாறையே படிக்கட்டும், கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீயும் அத்தானும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
யார்மேலும் துளியும் பொறாமை இல்லாத,
உன் தம்பி

பி.கு.: உறையில் போடுவதற்குள் பாப்பா வந்து, அந்தப் பெரிய கல்லூரி வேண்டாம் என்கிறாள். உங்கள் ஊர்க் கல்லூரியிலும் ஜியாலஜி இருக்கிறதாமே? உன் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம் என்று நீ சொல்லிவிட்டாயாமே? "அத்தைக்கு எல்லாம் தெரியும்பா, ரெண்டு வருஷமா தினமும் பேசறோமே" என்கிறாள். தினமும்! ரெண்டு வருஷமா! அந்தத் தொப்பிக்காரரிடம் அவள் பேசியது ஒரே ஒரு பகல். மேலே எழுதிய வாழ்த்தெல்லாம் அத்தானுக்கு மட்டும்.