மடிகேரியில் ஒரு வாளி வெந்நீர்

பெங்களூரில் கடவுளைக் கும்பிடுகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கலாம். ஆனால் கடவுளையே இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுக் கும்பிட்டவர் ஒருவர்தான். அவர் எங்கள் பாய்லர் அண்ணன்.

ஈஜிபுராவில் எங்களுக்குப் பக்கத்துப் போர்ஷன். பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் நான் பேக்கிங், அவர் பாய்லர். அயர்ன் செக்‌ஷனுக்கு நீராவி போவது அவர் தயவில். சொந்த ஊர் தங்கவயல், ஞாயிறு தவறாமல் சர்ச். அவருக்கு ஒரு பெயரும் இருந்தது, ரேஷன் கார்டில் மட்டும்.

பிரஷர் காட்டுகிற முள் சிலசமயம் ஒட்டிக்கொண்டு பொய் சொல்லுமாம். அதனால் மீட்டர் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டிய பிறகுதான் அதை நம்பலாமாம். முப்பது வருஷம் இப்படித் தட்டிய விரல் வெளியிலும் சும்மா இருக்கவில்லை. கடிகாரத்தைத் தட்டும், ஆட்டோ மீட்டரைத் தட்டும். எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வந்தால், பூஜை அலமாரியில் முருகர் படத்துக் கண்ணாடியையும் தட்டும். "நார்மல்" என்று சொல்லிவிட்டுக் கை கூப்புவார். என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

இன்னொரு பழக்கம் லாக் புக். பிரஷர் எவ்வளவு, தண்ணீர் லெவல் எவ்வளவு என்று மணிக்கு ஒரு தடவை எழுதியே ஆகவேண்டும். வேலை இல்லாத நாளிலும் சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு இருக்கும். "ஆவி வெளிய எவ்ளோ போச்சோ, அவ்ளோ பச்சைத் தண்ணி உள்ள விட்டாகணும் சாமி. மறந்தா பாய்லர் வெடிச்சிடும்" என்பார். ஆனால் அவர் மட்டும் பச்சைத் தண்ணீரை விரலால்கூடத் தொடமாட்டார். குடிப்பது வெந்நீர், கை கழுவுவது வெந்நீர்.

என்னை எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. எட்டாங்கிளாஸ் படிப்பு, நெற்றி நிறைய விபூதி, கொஞ்சம் வாய். அவ்வளவுதான்.

அந்த மார்கழியில் ஒரு வேண்டுதல் எடுத்திருந்தேன். என் மகளுக்கு ஏற்கனவே ஒன்று கலைந்துவிட்டது. மறுபடி உண்டாகி ஏழு மாதம். டாக்டர் படுக்கையை விட்டு இறங்காதே என்றிருந்தார். மார்கழி முப்பது நாளும் விடியுமுன் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளிக்கிறேன், என் பிள்ளையை நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வை என்று முருகனிடம் சொல்லிவிட்டேன். அவனிடம் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பேக்கிங், கட்டிங், கேன்டீன், செக்யூரிட்டி என்று ஒருத்தரை விடாமல் சொல்லிவைத்தேன்.

இருபதாம் நாள், கம்பெனி ஆட்கள் பன்னிரண்டு பேர் டெம்போ டிராவலர் பிடித்து மடிகேரி கிளம்பினார்கள். நான் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். கட்டிங் மாஸ்டர், "சாமிக்கு அந்தக் குளிரு தாங்காதுப்பா, விடு" என்று சொல்லித் தொலைத்தார்.

"எனக்கா? குளிரு என்னைப் பார்த்து நடுங்கணும்" என்றேன்.

மனைவி பையில் ஸ்வெட்டர் வைத்தபடி, "நடுங்கிட்டு வந்து நிக்கப்போறது யாருன்னு பார்ப்போம்" என்றாள்.

மடிகேரியில் இறங்கியதும் பல்லெல்லாம் தனித்தனியாகப் பேச ஆரம்பித்தது. பாய்லர் அண்ணன் இரண்டு ஸ்வெட்டர், மங்கி கேப், மேலே ஒரு கம்பளி. கண் மட்டும்தான் தெரிந்தது. பிறகு அந்த விரல். கோட்டைக்குள் இரண்டு யானைச் சிலைகள், நிஜ யானை அளவுக்கு. ஒன்றின் வயிற்றைத் தட்டிக் காது வைத்துக் கேட்டார். "ஸ்டீம் இல்ல" என்றார். ராஜா உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்த்த இடத்துக்குப் போனோம். அங்கே பனிமூட்டம் மட்டும்தான் இருந்தது. பன்னிரண்டு பேரும் அதை வளைத்து வளைத்து போட்டோ எடுத்தோம்.

"அந்தக் காலத்து ராஜா எதுல குளிச்சிருப்பாரு?" என்று கேட்டார் அண்ணன்.

விடுவேனா? "ராஜாவெல்லாம் பச்சைத் தண்ணிதாண்ணே. அதான் வீரம்."

"அதான் ஒருத்தரையும் காணோம்."

மறுநாள் விடிகாலை ஐந்து மணி. லாட்ஜ் பாத்ரூமில் வாளித் தண்ணீர் என்னைப் பார்த்தது, நானும் பார்த்தேன். ஒரு விரலை விட்டேன். விரல் இருக்கிறதா என்று எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. முருகா என்றேன். சத்தம் வரவில்லை. அப்போதுதான் பின்பக்கம் புகை வாசனை வந்தது.

அந்த ஊரில் குளிக்கிற தண்ணீரை ஹண்டேயில் காய்ச்சுகிறார்கள். அடுப்பில் பதித்த பெரிய தாமிர அண்டா. வாளியைத் தூக்கிக்கொண்டு, திருடன் மாதிரி பின்பக்கம் போனேன். அடுப்பின் முன்னால் குந்தி விறகு தள்ளிக்கொண்டிருந்தது வேறு யார்? நெருப்பு எரிகிற இடத்தில் அவர் எப்படித் தூங்குவார்!

"வாங்க சாமி. இன்னா, வாளியோட?"

"ஒண்ணுமில்லண்ணே. ஒரே ஒரு சொம்பு. குளிரு முனை ஒடைஞ்சா போதும்."

"ஒரு சொம்பு போதுமா?"

"ரெண்டு."

அவர் விறகைத் தள்ளியபடி வாளியைப் பார்த்தார். வாளியிலிருந்த பச்சைத் தண்ணீரை நானே சத்தமில்லாமல் கொட்டினேன். அவர் முழு வாளி வெந்நீர் மொண்டு கொடுத்தார். வாளியை இரண்டு தட்டுத் தட்டினார். பக்கத்தில் அந்த நோட்டு கிடந்தது.

"அண்ணே, இது லாக்ல..."

"லாக்ல பொய் எழுதினா பாய்லர் வெடிக்கும் சாமி."

"இது பாய்லர் இல்லண்ணே, ஹண்டே."

"அதுவும் வெடிக்கும்."

குளித்தேன். சொர்க்கம். ஆனால் ரூமில் இருப்பவர்கள் கேட்கட்டுமே என்று, ஒவ்வொரு சொம்புக்கும் "உஸ்ஸ்... முருகா... அம்மாடி..." என்று பல்லைக் கிட்டிக்கொண்டு கத்தினேன். சொந்த வேண்டுதலுக்கே டப்பிங் கொடுத்த பக்தன் நானாகத்தான் இருப்பேன்.

ஈரத் துண்டோடு வெளியே பனிக்குள் வந்தேன். என் உடம்பு முழுக்க, இட்லிப் பானையைத் திறந்த மாதிரி, குபுகுபுவென்று ஆவி கிளம்பியது.

கட்டிங் மாஸ்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஐயோ, பாருங்கப்பா! பச்சைத் தண்ணி ஊத்தியும் சாமி உடம்புல தவம் கொதிக்குது!" இரண்டு பேர் நிஜமாகவே காலைத் தொட்டார்கள். ஆவியைப் பற்றி முப்பது வருஷம் படித்த ஒரே மனிதர், மூலையில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தும்மல் போட்டார். உள்ளே போய்விட்டார்.

ஓட்டலில் டிபனுக்கு உட்கார்ந்தபோது இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் படுத்திருக்கிற என் பிள்ளை முகம்தான் கண்ணில் நின்றது. இருபது நாள் குளித்ததும் வீண். என் சுகத்துக்காக அவள் வயிற்றோடு விளையாடிவிட்டேன் என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

"பாய்லரே, லாக்கைப் படிங்க, கேப்போம்" என்றார் கட்டிங் மாஸ்டர்.

அண்ணன் நோட்டை எடுத்தார். ஒரு தும்மல். பக்கத்தை இரண்டு தட்டு. "மணி நாலு. குளிரு ஜாஸ்தி. மணி அஞ்சு. அடுப்பாண்ட ஒரு ஆளு திருட்டுத்தனம் பண்ணியிருக்கான்..."

நான் எழுந்தே விட்டேன். "நான்தான்! நான்தான் வெந்நீர்ல குளிச்சேன்! தவமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. என்னை மன்னிச்சிடுங்கப்பா!"

ஓட்டல் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. காலைத் தொட்டவர்கள் கையைத் துடைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் நிதானமாக அந்த வரியை முடித்தார். "...ஈர விறகை அடியில வச்சி, காஞ்சதை மேல அடுக்கியிருக்கான், விறகு போட்டவன்."

சிரிப்பு அடங்க ரொம்ப நேரமாயிற்று. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் நோட்டை என் பக்கம் தள்ளினார். அடுத்த வரியை நானே படித்தேன்.

'5.10. ஒரு வாளி வெந்நீர் வெளியே. 5.20. ஒரு வாளி பச்சைத் தண்ணி என் தலையில். சாமி பொண்ணுக்காக. லெவல் சரி.'

நிமிர்ந்து பார்த்தேன். கம்பளிக்குள் அந்த மனிதர் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே... நீங்களா? பச்சைத் தண்ணியா?"

"போனதை ஈடுகட்டணும் இல்ல. உங்க முருகரு என் கையால வாங்கிப்பாரான்னு தெரியல. எழுதி வச்சிட்டேன், பார்த்துப்பாரு. அச்ச்!"

அன்று மடிகேரி ஓங்காரேஸ்வரர் கோயில் சன்னதியில் மகளுக்காக ஒரு தடவையும், அந்தத் தும்மலுக்காக இரண்டு தடவையும் விழுந்து கும்பிட்டேன். மீதி நாட்கள் பச்சைத் தண்ணீர்தான். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

பங்குனியில் பேத்தி பிறந்தாள். பாய்லர் அண்ணன் பார்க்க வந்தார். தொட்டில் கம்பியை இரண்டு தட்டுத் தட்டினார். குழந்தை வீறிட்டு அழுதது. "பிரஷர் சூப்பர்" என்றார்.

போன வருஷம் ரிடையராகித் தங்கவயலுக்கே போய்விட்டார். பக்கத்துப் போர்ஷனுக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள். என் மனைவி வெள்ளிக்கிழமைதோறும் பூஜை அலமாரிப் படங்களை எல்லாம் பளிச்சென்று துடைத்து வைக்கிறாள். முருகர் படத்துக் கண்ணாடியில், வேலுக்குக் கீழே, மங்கலாக ஒரு விரல் தடம் இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் விட்டுவிடு என்று சொல்ல நினைத்து ஒருநாள் பக்கத்தில் போனேன். அவளே அதைச் சுற்றித்தான் துடைத்துக்கொண்டிருந்தாள்.